வாசகர் கேள்வி பதில்: அமெரிக்காவை விட்டுக் கிளம்புவதற்கு முன்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து, அல்லது அங்கே பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரிடமிருந்து. பெயர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் போடுகிறேன். சட்டம் பொதுவாக எப்படி வேலை செய்கிறது என்றுதான் இங்கே சொல்ல முடியும். உங்கள் காகிதங்களைக் குடிவரவு வழக்கு நடத்தும் ஒரு வக்கீல் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: என் கணவர் 2016-ல் சுற்றுலா விசாவில் வந்து, தேதி முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். நான் போன வருடம் குடியுரிமை வாங்கினேன். தானாகவே நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் 'சிபிபி ஹோம்' ஆப்பில் பதிந்தால் டிக்கெட்டும் பணமும் தருகிறார்கள், மரியாதையாக ஊருக்குப் போய்விட்டு உன் ஸ்பான்சரில் முறைப்படி திரும்பி வரட்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 1996-ல் வந்த சட்டத்தின்படி, ஸ்டேட்டஸ் (சட்டப்படி தங்கும் அனுமதி) இல்லாமல் 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்குள் தங்கிவிட்டுத் தானாக வெளியேறினால் 3 வருடம் திரும்ப வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 வருடம். பலருக்குத் தெரியாத விஷயம், அந்தத் தடை உள்ளே இருக்கும்வரை விழுவதில்லை, விமானம் ஏறிப் போனால்தான் விழுகிறது. 2025 மே மாதம் 1,000 டாலர் தருவதாக அறிவித்து, அப்புறம் தொகையை உயர்த்தினார்கள், ஆனால் எவ்வளவு கொடுத்தாலும் அது 10 வருடத் தடையை நீக்காது.

உங்கள் கணவர் விசாவோடு, விமான நிலையத்தில் அதிகாரி பார்த்து அனுமதித்து உள்ளே வந்தவர். அப்படி வந்தவர் குடிமகளின் கணவராக இருந்தால், தேதி தாண்டித் தங்கியதோ அனுமதியில்லாமல் வேலை பார்த்ததோ பொதுவாக கிரீன் கார்டுக்குத் தடை இல்லை. நாட்டைவிட்டு வெளியேறாமல், அவருக்காக நீங்கள் போடும் ஐ-130 என்ற உறவு மனுவோடு, அவருடைய ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தையும் சேர்த்தே இங்கே போடலாம். அதாவது, இங்கேயே கதவு திறந்திருக்கும்போது வெளியே போய்ப் பத்து வருடம் நிற்கச் சொல்கிறார்கள்! பழைய நாடுகடத்தல் உத்தரவு, குற்ற வழக்கு, எங்காவது படிவத்தில் 'நான் அமெரிக்கக் குடிமகன்' என்று டிக் அடித்தது, இவற்றில் ஏதாவது இருந்தால் கதையே வேறு, அதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இன்னொன்று, விண்ணப்பம் நிலுவையில் இருப்பது மட்டுமே கைதிலிருந்து பாதுகாப்பு ஆகாது, அதனால் நேர்காணலுக்கு வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: என் தம்பியும் அவன் மனைவியும் மெக்சிகோ எல்லை வழியாக வந்தவர்கள். பையன் இங்கே பிறந்தவன், 6 வயது. பிள்ளை குடிமகன் என்பதால் பெற்றோரை அனுப்ப முடியாது என்று தம்பி நம்பிக்கொண்டிருக்கிறான். சரியா?

சரியில்லை அக்கா. இந்த நம்பிக்கையால் எத்தனையோ குடும்பங்கள் தயாராகாமல் இருந்து மாட்டிக்கொள்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிள்ளை பெற்றோருக்காக மனுப் போட அவனுக்கு 21 வயது ஆக வேண்டும். அப்போதும், அதிகாரியின் அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்கள் பொதுவாக உள்ளே இருந்தபடி கிரீன் கார்டு வாங்க முடியாது. சொந்த நாட்டில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போக வேண்டும், போனால் அந்த 10 வருடத் தடை விழும். அதற்கு விலக்கு கேட்கலாம்தான். ஆனால் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்கும் கணவன், மனைவி, அல்லது விண்ணப்பிப்பவரின் அப்பா அம்மா படும் கஷ்டத்தைத்தான் அதில் பார்ப்பார்கள். பிள்ளையின் கஷ்டம் கணக்கில் வராது. எனக்கு இந்தச் சட்டத்திலேயே மிகவும் கொடுமையாகப் படுவது இதுதான்.

பிள்ளையின் கஷ்டத்தைப் பார்க்கும் வழி ஒன்று உண்டு, குடிவரவு நீதிபதி முன் வழக்கு நடக்கும்போது கேட்கும் 'கேன்சலேஷன் ஆஃப் ரிமூவல்', அதாவது நாடுகடத்தலை ரத்து செய்வது. தொடர்ந்து 10 வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும் (முறையான நீதிமன்ற அழைப்பாணை கையில் வந்ததும் அந்த எண்ணிக்கை நின்றுவிடும்), நன்னடத்தை வேண்டும், பிள்ளைக்கு வரப்போவது வழக்கத்தை மீறிய மிகக் கடுமையான கஷ்டம் என்று நிரூபிக்க வேண்டும். பள்ளி மாறுவதும் ஊர் புதிதாக இருப்பதும் மட்டும் போதாது. தீவிர நோய், சிறப்புக் கல்வித் தேவை போன்றவைதான் எடுபடுகின்றன. நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 4,000 பேருக்குத்தான் இது.

நாடுகடத்தினால் திரும்பவும் எல்லை வழியாக வந்துவிடலாம் என்ற யோசனை அவன் மனதில் இருந்தால் அதை உடனே விடச் சொல்லுங்கள். அப்படி வருவது கூட்டாட்சிக் குற்றம், முன்பு குற்றத் தண்டனை இல்லாதவருக்கே 2 வருடம் வரை சிறை. அதோடு நிரந்தரத் தடையும் சேரும், 10 வருடம் வெளியே இருந்த பிறகுதான் 'விண்ணப்பிக்கலாமா' என்று அனுமதியே கேட்க முடியும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது பையனின் அமெரிக்க பாஸ்போர்ட். 16 வயதுக்குக் கீழ் என்றால் பொதுவாக இரண்டு பெற்றோரின் சம்மதமும் வேண்டும், ஒருவர் தடுப்பு முகாமில் இருக்கும்போது அதை வாங்க அலைவது பெரும்பாடு. பள்ளியிலிருந்து பிள்ளையை யார் கூட்டிவரலாம், ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடலாம் என்று உங்கள் மாநிலச் சட்டப்படி எழுதி நோட்டரி முன் பதிந்துவையுங்கள். குடும்பமாக இந்தியா திரும்ப நேர்ந்தால் அமெரிக்க பாஸ்போர்ட்டில் வரும் பையனுக்கு விசாவோ ஓசிஐ அட்டையோ வேண்டும், அதற்கு அவனுடைய பிறப்புச் சான்றிதழும் பெற்றோரின் பாஸ்போர்ட் நகல்களும் உங்களிடமும் ஒரு செட் இருக்கட்டும்.

கேள்வி: மாணவர் விசாவில் வந்து படிப்பைப் பாதியில் விட்டுவிட்டேன். எனக்கும் 10 வருடத் தடை விழுமா?

உங்கள் ஐ-94 பதிவை (நீங்கள் உள்ளே வந்ததையும் எதுவரை தங்கலாம் என்பதையும் காட்டும் பதிவு) எடுத்துப் பாருங்கள். தேதிக்குப் பதில் 'டி/எஸ்' (ஸ்டேட்டஸ் இருக்கும்வரை தங்கலாம்) என்று இருந்தால், ஸ்டேட்டஸ் போய்விட்டாலும், குடிவரவுத் துறையோ நீதிபதியோ முறையாகத் தீர்மானிக்கும்வரை தடைக்கான நாள் எண்ணிக்கை ஓடத் தொடங்குவதில்லை. ஆனால் நாடுகடத்தும் வழக்கு போடுவதற்கு ஸ்டேட்டஸ் இல்லாததே போதும். தள்ளிப்போடாமல் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்குக் குடிவரவு நீதிமன்ற விசாரணை. வாசலிலேயே பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போகவே பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஆனாலும் போகாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் வராவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே நாடுகடத்தும் உத்தரவு வந்துவிடும். கடும் நோய் போன்ற அசாதாரணக் காரணம் இருந்தால் 180 நாளுக்குள் வழக்கைத் திறக்கச் சொல்லலாம், நோட்டீஸே வரவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். 'பயந்தேன்' என்பதைக் காரணமாக ஏற்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. வீடியோவில் ஆஜராக அனுமதி கேட்டு இப்போதே மனுப் போடுங்கள், அனுமதி கையில் வராதவரை நேரில் போக வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறியிருந்தால் நீதிமன்றத்துக்கு 5 வேலை நாளுக்குள் தனிப் படிவத்தில் சொல்ல வேண்டும், குடிவரவுத் துறைக்குச் சொன்னது நீதிமன்றத்துக்குச் சொன்னதாக ஆகாது. நீதிமன்றத் தேதிகள் சொல்லாமல் மாறுகின்றன, 'ஏ-நம்பர்' (குடிவரவுத் துறை ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்) போட்டு நீதிமன்ற இணையதளத்தில் வாராவாரம் பாருங்கள்.

கேள்வி: என் மகனைப் பிடித்துவிட்டார்களாம். கூட இருந்த பையன் போனில் சொன்னான். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. நான் ஊரில் இருந்து என்ன செய்ய முடியும்?

அம்மா, ஆட்களைப் பிடித்துத் தடுப்பில் வைக்கும் 'ஐஸ்' என்ற குடிவரவு அமலாக்கத் துறையின் இணையதளத்தில் தடுப்பில் இருப்பவரைத் தேடும் பக்கம் இருக்கிறது. ஏ-நம்பரும் பிறந்த நாடும் போதும். நம்பர் இல்லையென்றால் பெயரும் நாடும் போட்டுத் தேட வேண்டும், நம் பெயர்களில்தான் சிக்கல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கலாம், இரண்டும் இடம் மாறியிருக்கலாம், ஒரே பெயர் மட்டும் இருந்தால் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அவர்களே போட்டிருப்பார்கள். எல்லா விதமாகவும் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பகுதிக்குரிய இந்தியத் துணைத் தூதரகத்துக்கு பாஸ்போர்ட் நகலோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்கும் உரிமை உங்கள் மகனுக்கும் உண்டு.

அங்கே அரசாங்கம் உங்கள் மகனுக்கு வக்கீல் வைத்துத் தராது, சொந்தச் செலவில்தான் வைக்க வேண்டும், அல்லது நீதிமன்றம் தரும் இலவசச் சட்ட உதவிப் பட்டியலில் உள்ளவர்களை அழைக்க வேண்டும். மகன் போன் செய்தால், புரியாத காகிதம் எதிலும் கையெழுத்துப் போடாதே என்பதை முதலில் சொல்லுங்கள். ஒரு கையெழுத்தில் நீதிபதியைப் பார்க்கும் உரிமையே போய்விடலாம், அப்புறம் உத்தரவின் வகையைப் பொறுத்து 5, 10 அல்லது 20 வருடம் தடை. ஊர் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்ற பயம் உண்மையிலேயே இருந்தால், அதிகாரியிடம் அதை வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அந்த போன் பேச்சுகள் பதிவாகின்றன. எப்படி வந்தான், எந்த ஏஜென்ட், எவ்வளவு கொடுத்தோம் என்பதை எல்லாம் அதில் பேசாதீர்கள், வக்கீலிடம் மட்டும் பேசட்டும்.