கோபோ வேருக்கு சேலத்தில் எங்கே போவது? – வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த முறை பர்டாக் என்கிற ஒரே வேரைப் பற்றி அடுத்தடுத்துக் கடிதங்கள், சிலது அஸ்தம்பட்டியிலிருந்து, சிலது மலை மேலிருந்து. கொரியன் சீரியல் பார்க்கிற பிள்ளைகளும் ஜப்பானுக்கு வேலைக்குப் போய் வந்த பிள்ளைகளும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அதனால் ஆச்சரியம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

"அக்கா, என் மகன் வேலைக்காக ஜப்பான் போய் வந்ததிலிருந்து கோபோ, கோபோ என்கிறான். ஏதோ வேராம், பொரியல் மாதிரி செய்வார்களாம். இங்கிலீஷில் பர்டாக் என்று பேர். உழவர் சந்தையில் கேட்டால் சிரிக்கிறார்கள். எங்கே கிடைக்கும்?" – ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

சிரிக்கத்தான் செய்வார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. அஸ்தம்பட்டி மட்டும் இல்லை, சூரமங்கலம், தாதகாப்பட்டி, அம்மாபேட்டை என்று எந்த உழவர் சந்தைக்குப் போனாலும் இதே கதைதான், ஏனென்றால் இது நம்ம பக்கத்து விவசாயி போடுகிற காய் இல்லை. இந்தியாவில் இது தானாக முளைத்து வளர்வது காஷ்மீர், இமாச்சல் பக்கத்து இமயமலைச் சரிவுகளில். காயாகப் பயிர் செய்து தினசரி சமையலில் சேர்ப்பவர்கள் முக்கியமாக ஜப்பான்காரர்களும் கொரியாக்காரர்களும்தான்.

அதனால் அவர்கள் எங்கே குடியிருக்கிறார்களோ அங்கே தேடுங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனிகள் வந்த பிறகு சென்னையில் கொரிய, ஜப்பானிய மளிகைக் கடைகள் வந்துவிட்டன, பெங்களூரிலும் உண்டு. போவதற்கு முன்னால் போன் செய்து "கோபோ இருக்கா, ஃப்ரோசனா, ஃப்ரெஷ்ஷா" என்று கேட்டுவிடுங்கள். கொரியக் கடையில் "உவோங்" என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் குச்சி குச்சியாக நறுக்கி உறைய வைத்த பாக்கெட்தான் கையில் கிடைக்கும், அது கேவலம் இல்லை, தோல் சீவுகிற வேலையே மிச்சம். சென்னையிலிருந்து யாராவது ரயிலில் வருகிறார்கள் என்றால் ஒரு தெர்மாகோல் டப்பாவில் ஐஸ் போட்டுக் கொண்டு வரச் சொல்லலாம். ஆன்லைனில் காய்ந்த சில்லுகள் வறுத்து விற்பார்கள், அது டீக்கு. அதை வாங்கிப் பொரியல் செய்தால் மகன் மறுபடி ஜப்பானுக்கே போய்விடுவான்.

பச்சை வேர் கிடைத்தால் கட்டை விரல் பருமனில், நீளமாக, விறைப்பாக இருப்பதை எடுங்கள். வளைத்தால் ரப்பர் மாதிரி வளைகிறதா, பழசு. ரொம்பத் தடித்தது வேண்டாம், நடுவில் பஞ்சாகிப் போயிருக்கும். மண் ஒட்டியிருந்தால் கழுவாமல் அப்படியே ஈர நியூஸ்பேப்பரில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் நாள்படத் தாங்கும். கழுவி வைத்தால் சீக்கிரம் வாடும்.

"எங்கள் காபித் தோட்டத்து ஓரத்தில் அகலமான இலையோடு, உடுப்பில் ஒட்டிக்கொள்கிற முள்ளுக்காயோடு ஒரு செடி நிறைய இருக்கிறது. பர்டாக் படத்திலும் ஒட்டுகிற காய்தான். தோண்டி எடுக்கலாமா?" – ஒரு வாசகர், நாகலூர், ஏற்காடு

தோண்டாதீர்கள் அண்ணா. இந்தப் பக்கத்தில் மற்றதையெல்லாம் வேகமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள்.

ஒட்டுகிற காய் இருந்தால் பர்டாக் என்றால் நாயுருவியும் பர்டாக்தான். நீங்கள் சொல்லுகிற அடையாளத்துக்கு எனக்கு முதலில் நினைவு வருவது மருளூமத்தை. ஏரிக்கரை, தரிசு, ரோட்டோரம் எல்லா இடத்திலும் கிடக்கும், காய் நீள்வட்டமாக, சுற்றிலும் கொக்கி முள், நுனியில் இரண்டு கொம்பு. பர்டாக் காய் உருண்டை, அது முதலில் ஊதா நிறப் பூவாக இருந்து அப்புறம் காய்வது, இலை இதய வடிவில் பெரிதாக, அடிப்பக்கம் வெள்ளைப் பஞ்சு படிந்த மாதிரி இருக்கும். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற இன்ஜினியர் 1941இல் நாயோடு நடந்துவிட்டு வந்து அதன் ரோமத்தில் ஒட்டியிருந்த இந்தக் காயைப் பார்த்துத்தான் செருப்பிலும் பையிலும் நாம் சரக்கென்று பிரிக்கிற வெல்க்ரோவை யோசித்தார்.

மருளூமத்தையின் விதையும், இரண்டு இலை விட்ட இளம் முளையும் கல்லீரலைக் கெடுக்கும் விஷம். 2007இல் வங்கதேசத்தின் சில்ஹெட் பக்கம், வெள்ளம் வந்து சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு ஆன நேரத்தில், இதன் முளையைக் கீரையாகச் சமைத்துச் சாப்பிட்டவர்களில் 19 பேர் செத்துப்போனார்கள். மலையில் ஊமத்தையும் இருக்கிறது, வீட்டு வேலியில் அழகுக்கு வைத்த, தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளைப் பூச்செடியும் அதே குடும்பத்து விஷம்தான். வேரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எது எது என்று கண்டுபிடிக்க முடியாது. போதாததற்கு நீங்கள் சொல்லும் ஓரம் ரிசர்வ் காட்டு எல்லையாக இருந்தால் வேர் தோண்டுவது சட்டப்படியும் வம்பு.

செடி என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்றால் பூவோடும் காயோடும் ஒரு கிளையை எடுத்துக்கொண்டு ஏற்காட்டிலேயே இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். சமையல் பத்திரிகைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி நான் சொல்வதை நம்பிச் சாப்பிட வேண்டாம், நான் சொல்லவும் மாட்டேன்.

"வேர் கிடைத்துவிட்டது அக்கா, தங்கச்சி பெங்களூரிலிருந்து கொண்டு வந்தாள். இனி என்ன செய்வது? நம்ம ருசிக்கு வருமா?" – ஒரு வாசகி, அம்மாபேட்டை

வரும், ஆனால் முதல் தடவை தேங்காய்த் துருவலைத் தூக்கி மேலே கொட்டாதீர்கள். இந்த வேருக்கென்று ஒரு மண்வாசனை, லேசான இனிப்பு, கடித்தால் நறுக்கென்று ஒரு பதம் உண்டு. அது போய்விட்டால் இத்தனை தூரம் தேடினது எதற்கு.

தோலைப் பீலரால் வழித்து எறியக் கூடாது, வாசனை பூரா தோலுக்குப் பக்கத்தில்தான். தேங்காய் நாரை வைத்தோ கத்தியின் முதுகுப் பக்கத்தை வைத்தோ மண் போகிற அளவுக்குச் சுரண்டினால் போதும். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு வைத்துக்கொண்டு, வேரைக் கையில் உருட்டிக்கொண்டே பென்சில் சீவுகிற மாதிரி மெல்லிசாக அதில் சீவித் தள்ளுங்கள். ஜப்பானில் அப்படித்தான் சீவுகிறார்கள், குச்சியாக நறுக்கினாலும் சரி. வெளியே வைத்தால் வாழைப்பூ மாதிரி நிமிஷத்தில் கறுத்துவிடும், அதற்குத்தான் இந்தத் தண்ணீர். ஐந்து நிமிஷம் போதும், அரை மணி நேரம் ஊற வைத்தால் ருசியெல்லாம் தண்ணீரோடு போகும். வினிகர் இல்லையா, மோர்த் தண்ணீர் போதும்.

மகன் கேட்பது அநேகமாக கின்பிரா என்கிற வறுவல். கால் கிலோ வேருக்கு ஒரு கேரட், இரண்டும் ஒரே அளவு குச்சியாக. வாணலியில் ஒன்றரை மேசைக்கரண்டி நல்லெண்ணெய், கிள்ளிய வரமிளகாய் இரண்டு, வேரை முதலில் போட்டு நல்ல தீயில் மூன்று நான்கு நிமிஷம் புரட்டுங்கள், அப்புறம் கேரட். இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈரம் வற்றி பளபளவென்று ஒட்டுகிற வரை கிளறி, வறுத்த எள் தூவி இறக்கினால் முடிந்தது. அவர்கள் மிரின் என்று ஒரு இனிப்பான அரிசி மதுவை ஊற்றுவார்கள், அதற்குத்தான் இங்கே சர்க்கரை கொஞ்சம் கூடுதல். உப்பு தனியாக வேண்டாம், சோயா சாஸிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. எள்ளும் எண்ணெயும் நம்ம செக்கிலேயே கிடைப்பதால் இந்தப் பதார்த்தம் நமக்கு அன்னியமாகவே தெரியாது.

நம்ம வழியில் என்றால் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, வேரைப் போட்டு உப்புத் தண்ணீர் தெளித்து மூடி பத்து நிமிஷம், கடைசியில் எள்ளுப்பொடி. ரசம் சாதத்துக்கு இதுதான் என் ஓட்டு. மட்டன் குழம்பில் விரல் நீளத் துண்டாகப் போட்டாலும் கரையாமல் நின்று சாறை இழுத்து வைத்துக்கொள்ளும். சாம்பார் வேண்டாம், பருப்பும் புளியும் பெருங்காயமும் சேர்ந்து அதை அமுக்கிவிடுகின்றன. சீவலை அரிசி மாவில் புரட்டிப் பொரித்தால் சிப்ஸ். அதைத் தட்டுவடை செட்டில் கேரட் பீட்ரூட்டோடு சேர்த்து வைத்துப் பாருங்களேன், சேலத்துக்காரர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

"வேக வைத்தபோது பச்சையும் நீலமுமாக ஆகிவிட்டது, தூக்கி எறிந்துவிட்டேன்." – அதே வாசகி, அடுத்த வாரம்

அடடா. அது கெட்டுப்போனதல்ல. வேரில் இருக்கிற பாலிஃபீனால்கள் தாது உப்புகளோடு சேர்ந்தால் அப்படி நிறம் மாறும், சாப்பிடலாம். நம்ம போர் தண்ணீரில் உப்புக்கு என்ன குறைச்சல். அடுத்த தடவை குடிக்கிற கேன் தண்ணீரில், இரும்புச் சட்டியை விட்டுவிட்டு எவர்சில்வரில் செய்யுங்கள், வேகும்போது இரண்டு சொட்டு வினிகர்.

"ரத்தத்தைச் சுத்தம் செய்யும், சுகருக்கு நல்லது, கேன்சருக்கே கேட்கும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். அப்பாவுக்கு டீ போட்டுக் கொடுக்கலாமா?" – ஒரு வாசகர், ஆத்தூர்

காயாகச் சாப்பிடட்டும், மருந்தாக வேண்டாம். கேன்சரைக் குணப்படுத்தும் என்பதற்கு நிரூபணம் கிடையாது. 100 கிராம் பச்சை வேரில் சுமார் 72 கலோரி, 17 கிராம் மாவுச்சத்து, 3 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நார்ச்சத்து, ஓரளவு பொட்டாசியம், அவ்வளவுதான், ஒரு நல்ல கிழங்குக் காய்க்கு உள்ள கணக்கு. இதில் இனுலின் என்கிற நார்ச்சத்து அதிகம், பழக்கமில்லாத வயிற்றில் வாயு பண்ணும், அதனால் முதல் நாள் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம். சுகர் மாத்திரை, நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் டீயாகக் குடிப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்டாக வேண்டும், கர்ப்பிணிகள் டீயைத் தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று, இது சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. பார்த்தீனியம் பட்டால் தோல் தடித்து அரிக்கிறவர்கள் நம்ம ஊரில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள், அதுவும் இதே குடும்பம்தான், அவர்கள் கொஞ்சமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கட்டும்.

டீத்தூளை யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். 1970களில் அமெரிக்காவில் பர்டாக் டீ என்று வாங்கிக் குடித்தவர்களுக்கு ஊமத்தை விஷம் ஏறினால் வருகிற அதே கோளாறு வந்தது, அதில் வேறு விஷ வேர் கலந்திருந்ததுதான் காரணம். பேர் தெரியாத பொட்டலம் வேண்டாம்.

"மொட்டை மாடியில் வளர்க்க முடியுமா?" – ஒரு வாசகி, செவ்வாய்பேட்டை

முடியும், ஆனால் சாதாரண க்ரோ பேக்கில் போட்டுவிட்டு முள்ளங்கி மாதிரி எதிர்பார்க்காதீர்கள். டாகினோகவா என்கிற பழைய ஜப்பானிய ரகம் மூன்றடி வரை கீழே இறங்கும். பெரிய சாக்கு, இல்லையென்றால் அடியில் ஓட்டை போட்ட ஆளுயர டிரம், அதில் செம்மண்ணை கல் இல்லாமல் சலித்து மணலும் நன்றாக மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். கல்லோ பச்சை சாணமோ தட்டுப்பட்டால் வேர் இரண்டாக மூன்றாகக் கிளை விடும். விதையை ராத்திரி பூரா ஊற வைத்து மேலாக விதையுங்கள், வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும், பிடுங்கி நடுவது ஆகாது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அதனால் அடைமழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியில் ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது, நாலு ஐந்து மாதத்தில் எடுக்கலாம். வெயில் ஏறினால் மேலே பச்சை வலை கட்டுங்கள். எடுக்கும்போது இழுக்காதீர்கள், பாதியில் ஒடியும், சாக்கைப் பக்கவாட்டில் கிழித்துவிடுங்கள்.

பூக்க மட்டும் விடாதீர்கள். இரண்டாம் வருஷம் தண்டு விட்டுப் பூத்தால் வேர் கட்டையாகி சமையலுக்கு உதவாது, காய் ஆடு மாட்டு ரோமத்தில் ஒட்டிக்கொண்டு ஊர் பூரா போகும். முக்கியமாக மலையில் வளர்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன், உண்ணிச்செடி படர்ந்து கிடப்பதே போதும்.

"கிடைக்காவிட்டால் பதிலுக்கு என்ன போடலாம்? மாகாளிக்கிழங்கு?" – ஒரு வாசகர், கோரிமேடு

மாகாளி ஊறுகாய்க்கே இருக்கட்டும், அதன் வாசனை வேறு வழி, காட்டில் தோண்டித் தோண்டி அது அருகிப் போனதும் ஒரு காரணம். கின்பிராவுக்குத் தாமரைக்கிழங்கு நன்றாக வரும், ஜப்பானிலேயே அப்படியும் செய்கிறார்கள். அதுவும் இல்லாத நாளில் கேரட்டும் கொத்தவரங்காயும் அதே சோயா சாஸ், எள் கணக்கில் போடுங்கள். கொத்தவரங்காயை மட்டும் முக்கால் பதம் வேக வைத்துக்கொள்ளுங்கள்.