யன்னல் கண்ணாடியில் ஒரு பனை

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவன். கணினியில் முப்பரிமாண விளையாட்டு ஒன்று எழுதிப் பழகுகிறேன். பேர்ஸ்பெக்டிவ் எறியம் (தூரத்திலுள்ளது சிறிதாகத் தெரியும்படி முப்பரிமாணத்தைத் தட்டைத் திரையில் வரைவது) என்று தொடங்கியவுடனேயே பாடப்புத்தகம் நான்குக்கு நான்கு தாயத்தை (எண்களை நிரை நிரலாக அடுக்கிய matrix) நீட்டுகிறது. மூன்று பரிமாணத்துக்கு நான்கு எதற்கு? எனக்கு இந்தக் கணிதம் வருமா?
– வாசகர், மல்லாவி

பதில்: வரும் தம்பி. கலைப்பிரிவு என்றால் கணிதத்தின் கதவு சாத்தியாயிற்று என்று நம் பிள்ளைகள் நினைப்பது எனக்குப் பெரிய வருத்தம். உங்களுக்கு வேண்டியதில் பாதி, சாதாரண தரத்தில் படித்த இயல்பொத்த முக்கோணிகளில் (ஒரே வடிவம், வேறு பருமன்) இருக்கிறது. தாயத்தை இரண்டு கிழமைக்கு மூடி வையுங்கள்.

பரந்தனில் எங்கள் வீட்டு யன்னலுக்கு நேரே, வயல் வரம்பில் ஒரு பனை நிற்கிறது. கண்ணாடியிலிருந்து கண் 60 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும்படி கதிரையைப் போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பனையின் அடியையும் வட்டையும் கண்ணாடியில் பேனாவால் குறித்தேன். பனை 12 மீற்றர் உயரம். கண்ணிலிருந்து 40 மீற்றர் தூரம். கண்ணிலிருந்து கண்ணாடிக் குறிகளுக்கு ஒரு முக்கோணி, பனைக்கு இன்னொன்று; இரண்டும் இயல்பொத்தவை. ஆகவே குறிகளின் இடைவெளி 0.6 × 12 ÷ 40 = 0.18 மீற்றர். அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: 18 சென்ரிமீற்றருக்கு ஒரு நூல் குறைவு. அதே பனை 80 மீற்றரில் நின்றால் 9 தான்.

அந்தக் கண்ணாடிதான் உங்கள் திரை. பக்கவாட்டு ஆள்கூறு, உயர ஆள்கூறு இரண்டையும் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, புள்ளியின் ஆழத்தால், அதாவது கண்ணிலிருந்து நேர் முன்னே அது இருக்கும் தூரத்தால், வகுத்தால் எறியம் முடிந்தது.

இனித் தாயத்துக்கு வருவோம். தாயம் பெருக்கும், கூட்டும்; ஒரு புள்ளியை அதன் சொந்த ஆழத்தாலேயே வகுக்க அதனால் முடியாது. ஆகவே ஆழத்தை, புள்ளியின் மூன்று ஆள்கூறுகளுக்கு அடுத்த நான்காவது இடத்தில் எடுத்து வைக்கிறது. பெருக்கல் முடிந்த பிறகு மற்ற மூன்றையும் அதனால் வகுக்கிறார்கள். பொருளை நகர்த்துவதையும் தாயப் பெருக்கலாகவே செய்ய அதே நான்காவது இடம் உதவுகிறது. எனக்கு இது விளங்கிய இரவு நித்திரையே வரவில்லை.

ஓர் எச்சரிக்கை: கண்ணுக்குப் பின்னாலுள்ள புள்ளியையும் இந்தச் சூத்திரம் வகுத்து, திரையில் தலைகீழாகப் போட்டுவிடும். ஆழம் பூச்சியமானால் வகுக்கவே முடியாது. அதனால் கண்ணுக்குச் சற்று முன்னாலேயே ஒரு தளம் வைத்து, அதற்கு இப்பால் வருவதை வகுக்கும் முன்னரே வெட்டிவிடுங்கள்.

முதலில் ஒரு பெட்டியின் எட்டு மூலைகளையும் வரைபுத்தாளில் கையால் கணித்து வரையுங்கள். அந்தத் தாளை அனுப்பினால், எந்த மூலையில் பிசகுகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.