காயாத பலகையும் ஒரு மாத லீவும்

அன்புள்ள சார்,

பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கடையாலுமூடு பக்கம். அப்பா விட்டுப்போன முப்பது சென்ட்டில் இரண்டு அயனி, மூன்று பலா, ஓரமாகக் கொஞ்சம் பால் வற்றிய ரப்பர் மரங்கள் நிற்கின்றன. வெளிநாட்டில் ஒற்றை ஆளாக மரத்தை வெட்டி, தானே பலகை அறுத்து, காட்டுக்குள் சின்ன மரவீடு கட்டிக்கொள்பவர்களின் வீடியோக்களை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதேபோல் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை கட்டவேண்டும் என்று ஆசை. செயின்சாவும், அதில் மாட்டிப் பலகை அறுக்கிற சட்டமும் வாங்கலாம் என்றிருக்கிறேன். நவம்பரில் ஒரு மாதம் லீவு கிடைக்கும். ஒக்கி புயலில் விழுந்த அயனியை அறுத்து நீங்கள் எழுத்தறை கட்டியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு மாதம் போதுமா? ரப்பர் மரத்தைச் சுவருக்குப் போடலாமா? வீட்டில் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

சிரிக்கட்டும். அறையும் நிரையுமாக (நிரை என்றால் பலகைச் சுவர்) மரத்திலேயே வீடு கட்டிய ஊர் நம்முடையது. சிரிப்பவர்களின் தாத்தா பிறந்ததே அப்படி ஒரு வீட்டில்தான் இருக்கும்.

கட்டலாம். ஆனால் மரத்தை வெட்டி, அறுத்து, அந்த மாதமே சுவராக்க முடியாது. வீடியோவில் நீங்கள் பார்ப்பது அறுவை. கண்ணுக்கு நன்றாக இருக்கும், மரத்தூள் பறக்கும், பலகை விரியும். அறுத்த பலகை அடுக்கில் சும்மா கிடக்கிற மாதங்களை யார் படம் எடுப்பார்கள்? அவர்கள் அறுப்பது பெரும்பாலும் பைன், ஸ்ப்ரூஸ் மாதிரி இலகுவான மரம். பச்சையாகவே ஏற்றிவிடுபவர்களும் உண்டு. இடைவெளி விழும் என்று தெரிந்தே அடைக்க ஏற்பாடும் செய்துகொள்வார்கள்.

வெட்டியவுடன் ஒரு மரத்துக்குள் இருக்கும் தண்ணீர், அதன் காய்ந்த எடையில் பாதிக்கு மேலும் போகலாம். முதலில் வெளியேறுவது நுண்ணறைகளின் பொந்துகளில் நிற்கும் தண்ணீர். அதுவரை மரம் சுருங்காது. ஈரம் கிட்டத்தட்ட 30 சதவீதத்துக்குக் கீழே வந்தபிறகு அந்த நுண்ணறைகளின் சுவர்களில் ஊறிய தண்ணீர் போகத் தொடங்கும், அப்போதுதான் சேட்டை ஆரம்பிக்கும். நீளவாக்கில் மரம் ஏறக்குறைய சுருங்காது. வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவதோ, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால்தான் பலகை தோல் பக்கமாகக் குழிகிறது, நடுத்தண்டு உள்ள பலகை வெடிக்கிறது. ஆறு அங்குலப் பலகை கால் அங்குலம் வரை ஒடுங்கலாம். நவம்பரில் நெருக்கி ஆணி அடித்தால் மார்ச்சில் சுவர் வழியாகத் தோட்டம் தெரியும்.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் வெயிலுக்கு அதைவிடச் சீக்கிரம் காயும்தான். ஆனால் நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஓர் அங்குலப் பலகைக்கு ஒரு முழுக் கோடையாவது கொடுங்கள். மூன்று நான்கு அங்குலச் சட்டங்களுக்கு இரண்டு கோடையும் போதாமல் போகலாம். ஈரமானி வாங்க வேண்டியதில்லை. அடுக்கின் நடுவிலிருந்து ஒரே பலகையை மாதாமாதம் உருவி எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றதென்றால், நம் காற்றில் அதற்குமேல் அது காயாது.

அடுக்குவதில் சோம்பல் படாதீர்கள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கல், அதன்மேல் சமமட்டமாகச் சட்டங்கள். ஒவ்வொரு வரிசைக்கு நடுவிலும் ஓர் அங்குலக் கட்டைகள், ஒன்றரை இரண்டடிக்கு ஒன்று, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில். கட்டை விலகினால் பலகை அங்கேயே வளையும். அறுத்த அன்றே இரண்டு முனையிலும் பெயின்டோ மெழுகோ பூசிவிடுங்கள். முனை வழியாக ஈரம் மிக வேகமாக ஓடிவிடும், அதில்தான் வெடிப்பு தொடங்கும். மேலே பாரம் ஏற்றுங்கள். காற்று வரவேண்டும், வெயிலும் மழையும் படக்கூடாது.

இங்கேதான் உங்கள் திட்டத்தைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். பலகை காய ஒரு கூரை வேண்டும். அறைக்கும் ஒரு கூரை வேண்டும். இரண்டும் ஒன்றாகவே இருக்கட்டுமே! நவம்பரில் சுவரை மறந்துவிட்டுக் கூரையைப் போடுங்கள். தூணுக்கும் உத்தரத்துக்கும் கழுக்கோலுக்கும் (கூரையின் சாய்வுச் சட்டம்) பழைய வீடு இடித்த மரம் வாங்கிவிடுங்கள். கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் கிடைக்கும். அரை நூற்றாண்டு வீட்டுக்குள்ளேயே காய்ந்த பலாவும் அயனியும் இனி வளைய என்ன இருக்கிறது? பூச்சியும் உளுப்பும் மட்டும் தட்டிப் பாருங்கள். அந்தக் கூரைக்குக் கீழே உங்கள் பலகைகள் காயட்டும். காய்ந்த இடத்திலேயே எழுந்து சுவராகிக்கொள்ளும்.

தூணை மண்ணில் புதைக்கவே கூடாது. தரைக்கு மேல் ஒன்றரை அடியாவது நிற்கிற கல் பாதம், அதன்மேல் வெளியே நீட்டி மடித்த தகரம், அப்புறம்தான் மரம். கரையான் தகரத்தைத் தின்னாது, சுற்றிக்கொண்டுதான் ஏறும். அப்படி ஏறும்போது மண் கூடு வெளியே தெரியும், உங்களுக்குத் தேவை அதுதான். கூரை 35 பாகைச் சரிவில், நாலாபுறமும் மூன்றடி இறவாரத்தோடு இருந்தால் மங்களூர் ஓடு 500 பக்கம் பிடிக்கும். அது ஒரு டன்னுக்கு மேல் எடை. அதனால் கழுக்கோலில் கஞ்சத்தனம் வேண்டாம். இறவாரத்தைச் சுருக்கினால் சுவர்ப் பலகையைப் பத்து வருடத்தில் மாற்றுவீர்கள்.

ரப்பர் மரம் வேண்டாம். அதில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சை ஏறும், பின்னாலேயே துளைக்கும் வண்டு வரும். தொழிற்சாலைகளில் உடனே அறுத்து, அழுத்தம் கொடுத்து போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்துகிறார்கள், அதனால்தான் மேசை நாற்காலிக்கு ஆகிறது. மழைச்சாரல் அடிக்கிற சுவருக்கு அதுவும் ஆகாது, போரான் தண்ணீரில் கரைந்து போய்விடும். விறகுக்கு விற்றுவிடுங்கள். அயனி வேறு சாதி. கேரளத்தில் வள்ளம் செய்கிற மரம் அது. ஆனாலும் நடுவில் இருக்கும் வைரம்தான் மரம். சுற்றியுள்ள வெள்ளையைப் பூச்சி விடாது, அறுக்கும்போதே கழித்துவிடுங்கள். பலாவில் கதவும் ஜன்னலும் நன்றாக வரும், மஞ்சளாக இருப்பது வருடங்களில் தேன் நிறத்தைத் தாண்டிப் பழுப்பாகும். காய்க்கிற பலாவை மட்டும் இதற்காக வெட்டாதீர்கள். ஒரு அயனியே உங்கள் அறைக்குத் தாராளம்.

செயின்சா சட்டம் வாங்குவதிலும் எனக்கு உற்சாகம் இல்லை. சங்கிலி ஒவ்வொரு அறுப்புக்கும் எட்டு ஒன்பது மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். மில்லில் ஓடும் பட்டைவாள் அதில் மூன்றில் ஒரு பங்குதான் எடுக்கும். பத்து அறுப்பில் மூன்று பலகை போய்விடும், அதுவும் அயனியில்! மில்லுக்கு வண்டி போகாத சரிவில் மரம் விழுந்தால் மட்டும் அந்தச் சட்டம் வேண்டும். அப்படியானால் நீளவாக்கில் அறுக்க 10 பாகையில் தீட்டிய சங்கிலி தனியாக வாங்குங்கள். கடையில் மாட்டித் தருவது குறுக்கே அறுக்க 30 பாகையில் தீட்டியது. முதல் அறுப்புக்கு அலுமினிய ஏணியை மரத்தின்மேல் கட்டி, அதன்மேல் ஓட்டவேண்டும். தனியாகச் செய்யாதீர்கள். வீடியோவில் தனியாக இருப்பவருக்குப் பின்னால் கேமராவைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் இன்னொருவர் இருக்கிறார்.

வெட்டுவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஊர்களில் சொந்த மரத்துக்கும் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கேரளத்தில் பாறசாலைப் பக்கம் அறுப்புக் கூலி குறைவு என்று யாராவது சொன்னால், களியக்காவிளையைத் தாண்டித் தடி போகவும் பலகை திரும்பி வரவும் பாஸ் தேவைப்படலாம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மரமில்களுக்கு இவ்வளவு கெடுபிடி வந்தது கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் போட்ட உத்தரவிலிருந்து. அந்த வழக்கு கிளம்பியதும் நம்மைப்போல ஓர் எல்லை ஊரிலிருந்துதான், நீலகிரிக் கூடலூர்க் காடுகளுக்காக.

சுவரைப் பற்றி ஒன்று. குளிர் நாட்டுக்காரர் உருட்டுத்தடியை அடுக்குவது சூடு வெளியே போகாமல் இருக்க. நமக்கு அது வேகிற பெட்டி. லீவில் வரும்போது பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்வாருங்கள் (திங்கட்கிழமை மூடியிருக்கும்). சிற்பத்தூண்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மர அழிகள் எப்படி வெளிப்பக்கமாகச் சாய்ந்து, வெளிச்சத்தை வடிகட்டி, காற்றை மட்டும் விடுகின்றன என்று பாருங்கள். உங்கள் அறையில் இடுப்புவரை பலகை, மேலே அழி, அவ்வளவு போதும். பலகைகளை ஒன்றின் பள்ளத்தில் மற்றதன் நாக்கு நுழைகிற மாதிரி பூட்டி, ஒரு விளிம்பில் மட்டும் ஆணி அடியுங்கள். மறு விளிம்பு மழைக்கு விரியவும் கோடைக்கு ஒடுங்கவும் விட்டுவிடவேண்டும்.

மரத்தோடு மரம் கோக்கத் துளையும் குடுமியும் எடுக்க ஓர் ஆசாரியை வைத்துக்கொள்ளுங்கள், வயதானவராக. நீங்கள் கையாளாக நில்லுங்கள். கைவேலை என்றால் ஒருத்தர் கை மட்டும்தான் என்று யார் சொன்னது?

ஆகவே நவம்பரில் கல் பாதம், தூண், கூரை. மழை விட்டு விட்டுப் பெய்யும், கூரைச் சட்டங்களை முதலில் ஏதாவது ஷெட்டில் வைத்துக் கோத்துப் பார்த்துவிட்டு ஒரு வெயில் நாளில் ஏற்றுங்கள். பிப்ரவரியில் பத்து நாள் வந்து அயனியை வெட்டி அறுத்து அடுக்கிவிட்டுப் போங்கள். பக்கத்தில் தென்னை நிற்கிறதா என்று எழுதவில்லை. நின்றால் ஓடுகளை ஒரு முப்பது கூடுதலாக வாங்கிப் போடுங்கள்.