கோர் 63 டிகிரிதான், ஆனாலும் ஹேஷ்ரேட் சரிகிறது: கிராபிக்ஸ் கார்டில் எங்கே பார்ப்பது?

கேள்வி: மதுரையில் வீட்டு மாடியறையில், இரண்டு ஆர்டிஎக்ஸ் 3080, ஒரு ஆர்டிஎக்ஸ் 3070 ஆகிய கிராபிக்ஸ் கார்டுகளைத் திறந்த சட்டத்தில் பொருத்தி 2021 முதல் மைனிங் (கணக்குகளைத் தீர்த்து மெய்நிகர் நாணயம் ஈட்டுவது) செய்து வருகிறேன். இப்போது ஓடுவது எத்தீரியம் கிளாசிக் என்ற நாணயத்துக்கு. தொடங்கியவுடன் 3080 ஒவ்வொன்றும் 96 மெகாஹேஷ் ஹேஷ்ரேட் (நொடிக்கு 9.6 கோடி கணக்குகள்) காட்டுகிறது. கால் மணி நேரத்திற்குள் 80க்குக் கீழே இறங்கிவிடுகிறது. கோரின், அதாவது கார்டின் முதன்மைச் சில்லின், வெப்பநிலை 63 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. லினக்ஸில் ஓட்டும் நண்பர் சொன்ன +1400 என்ற மெமரி எண்ணை (மெமரியின் வேகத்தைக் கூட்டும் அளவு) விண்டோஸில் ஆஃப்டர்பர்னர் என்ற கார்டு அமைப்பு மென்பொருளில் வைத்தால் திரை உறைந்துவிடுகிறது. தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகிவிடுமா? 3070இன் ஃபேன் ஒன்று கரகரவென்று சத்தமிடுகிறது. அதற்கு என்ன செய்வது?

பதில்: பேஸ்ட்டை மட்டும் மாற்றினால் உங்கள் சிக்கல் தீராது. பேஸ்ட் இருப்பது கோருக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தொகுதியான ஹீட்சிங்க்குக்கும் இடையில். மதுரை வெயிலில் கோர் 63 டிகிரியில் நிற்கிறது என்றால் அந்த இடத்தில் குறை எதுவும் இல்லை. சூடேறுவது கோரைச் சுற்றி அமர்ந்திருக்கும் மெமரி சில்லுகள். அவற்றின் வெப்பத்தை ஆஃப்டர்பர்னரின் வழக்கமான திரை காட்டாது என்பதால்தான், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்துகொண்டே வேகம் சரிகிறது.

இதற்குக் காரணம் எத்தீரியம் கிளாசிக்கின் கணக்கு முறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஹேஷுக்கும், பல ஜிபி அளவுள்ள ஒரு தரவுத்தொகுதியிலிருந்து 128 பைட் அளவிலான துண்டுகளை 64 முறை படிக்க வேண்டும். அதாவது ஒரு ஹேஷுக்கு 8,192 பைட். 10 ஜிபி 3080இன் மெமரி நொடிக்கு 760 ஜிபி கடத்தும் என்பதால், அதை 8,192ஆல் வகுத்தால் 92 மெகாஹேஷுக்குச் சற்று மேலே ஓர் உச்சவரம்பு கிடைக்கும். 448 ஜிபி கடத்தும் 3070க்கு அது ஏறத்தாழ 55. மெமரி கடிகாரத்தை (மெமரி இயங்கும் வேகத்தை) உயர்த்தினால் மட்டுமே இந்த வரம்பு உயரும். கோர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் உயராது. ஆக உங்கள் கார்டில் கோர் பாதி ஓய்வில் இருக்க, மெமரிதான் இரவும் பகலும் முழுமூச்சாக உழைக்கிறது.

3080இல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி. வேகம் கூடுதல், சூடும் கூடுதல். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதில் ‘மெமரி ஜங்ஷன் டெம்பரேச்சர்’ என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் 110ஐ எட்டியதும் கார்டு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். உங்கள் ஹேஷ்ரேட் சரியும் நிமிடத்தில் அந்த வரி 108, 110 என்று நிற்கும் என்றே எதிர்பார்க்கிறேன். 3070இல் இருப்பது சாதாரண ஜிடிடிஆர்6. அதற்கு இந்த வரி தெரியாது, பெரும்பாலும் தேவைப்படவும் செய்யாது.

கார்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மெமரி கடிகாரத்தை இப்போதுள்ள நிலையிலிருந்து 300 குறைத்து, ஃபேனைத் தானியங்கி நிலையிலிருந்து மாற்றி 75 விழுக்காட்டில் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். தானியங்கி நிலையில் ஃபேன் கோரின் சூட்டைப் பார்த்தே சுழல்கிறது. கோர் குளிர்ந்திருப்பதால் அது சோம்பிக் கிடக்கும், மெமரியோ வெந்துகொண்டிருக்கும். இந்த மாற்றத்திற்குப் பின் தொடக்கத்தில் எண் சற்றுக் குறைந்தாலும் சரியாமல் நிலையாக நின்றால், நோய் எதுவென்று உறுதியாகிவிட்டது. ஒரு சிறிய ஃபேனைக் கார்டின் முதுகுத் தகட்டின் மேல் காற்று படும்படி வைத்தாலும் சில டிகிரி குறையும். பலருக்கு இந்த அளவே போதுமானது. அவர்கள் கார்டைத் திறக்கவே வேண்டாம்.

அதன் பிறகும் மெமரி 100க்குக் கீழே இறங்கவில்லை என்றால் தெர்மல் பேட் மாற்ற வேண்டியதுதான். மெமரி சில்லுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் இருக்கும் மென்மையான பட்டை அது. ஆண்டுக்கணக்கில் சூட்டில் கிடந்தால் இறுகி, எண்ணெய் கசிந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். இங்கே பெரும்பாலோர் தவறுவது தடிமனில். ஒரே 3080 என்றாலும் தயாரிப்பு நிறுவனத்துக்கு நிறுவனம், சில வேளைகளில் ஒரே கார்டின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் பேட்டின் தடிமன் மாறும். ஆகவே 1.5 மில்லிமீட்டர் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்காமல், பழைய பேட்டில் அமுங்காத ஓர் ஓரத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, உங்கள் கார்டின் சரியான மாடல் பெயரோடு ஒப்பிட்ட பிறகே வாங்குங்கள். மெலிந்த பேட் சில்லைத் தொடாது. தடித்த பேட் ஹீட்சிங்க்கைத் தூக்கி நிறுத்திவிடும். அப்போது மெமரி குளிர்ந்து கோர் சூடேறும்.

கழற்றும்போது ஹீட்சிங்க்கை ஒரேயடியாக இழுக்காதீர்கள். ஃபேன் ஒயர்கள் அடியில் பலகையோடு இணைந்திருக்கும்; இரண்டு அங்குலம் தூக்கி, எட்டிப் பார்த்து, இணைப்பியை நகத்தால் தள்ளிக் கழற்றிய பிறகே பிரிக்க வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புதியதை இடுங்கள். திறந்தபின் பழைய பேஸ்ட்டோடு மூடக் கூடாது. கோரைச் சுற்றியுள்ள நான்கு திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மூடி ஓடவிட்ட பின் கோர் வெப்பநிலையோடு ‘ஹாட்ஸ்பாட்’ (சில்லின் மிகச் சூடான புள்ளி) வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டுக்கும் 10 முதல் 15 டிகிரி வேறுபாடு இருப்பது இயல்பு. 25க்கு மேல் போனால் ஹீட்சிங்க் சரியாக அமரவில்லை, மீண்டும் திறக்க வேண்டும்.

இனி டியூனிங், அதாவது வேகத்தையும் மின்செலவையும் சரிப்படுத்துவது. முதலில் ஆஃப்டர்பர்னரின் வளைகோட்டுத் திரையில் கோர் கடிகாரத்தை 1,100 மெகாஹெர்ட்ஸ் அளவில் பூட்டுங்கள். வெறும் பவர் லிமிட்டை (கார்டின் மின்வரம்பை) மட்டும் குறைப்பவர்கள் இந்தப் படியைத் தவறவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கோர் மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும், மெமரிக்குப் போக வேண்டிய மின்சாரத்தை அதுவும் தின்னும். கடிகாரத்தைப் பூட்டினால் கோருக்குத் தேவையான மின்னழுத்தம் இறங்கும். மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மின்செலவு மாறுவதால், 320 வாட் கார்டான 3080 ஏறக்குறைய 220 முதல் 230 வாட்டில், ஹேஷ்ரேட்டில் பெரிய இழப்பு இல்லாமல் ஓடும். 220 வாட் கார்டான 3070 ஏறக்குறைய 120 வாட்டில் 60 மெகாஹேஷ் தரும்.

மெமரியை இதற்குப் பிறகே தொட வேண்டும். உங்கள் நண்பரின் எண் தவறன்று. லினக்ஸில் வைக்கும் மெமரி எண் விண்டோஸில் வைப்பதைப்போல் இருமடங்காக இருக்கும். அவருடைய +1400 உங்களுக்கு +700. நீங்கள் வைத்த +1400 அவருக்கு +2800. திரை உறைந்ததில் வியப்பில்லை. 3080க்கு +500இல் தொடங்கி, நூறு நூறாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். +700இல் கணக்குப்படி உச்சவரம்பு 99க்கு மேல் போய்விடும். அதற்கு அப்பால் ஏறுவதற்கு உங்கள் அறையின் சூடு இடம் கொடுக்காது என்று நினைக்கிறேன். இரண்டு 3080க்கும் ஒரே எண் பொருந்த வேண்டும் என்பதும் இல்லை. ஒரே பெட்டியில் வந்த இரண்டு சில்லுகளே வெவ்வேறு குணத்தோடு இருக்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரியில் தரவு பிழையாக வந்தால் அதைக் கண்டுபிடித்து மறுபடி அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஆகவே 3080இல் அளவுக்கு மீறி ஏற்றினால் உடனே பிழை வெளியே தெரியாது. கடிகாரம் ஏற ஏற ஹேஷ்ரேட் மட்டும் நின்றுபோகும், அல்லது இறங்கத் தொடங்கும். 3070இல் அந்த ஏற்பாடு இல்லாததால் செல்லாத ஷேர்களாகவோ (கார்டு அனுப்பும் விடைகள்) டிரைவர் செயலிழப்பாகவோ வெளிப்படும். இரண்டுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்றுதான்: மைனிங் மென்பொருள் தன் திரையில் காட்டும் எண்ணை நம்பாமல், பூலின் (பலர் சேர்ந்து மைனிங் செய்து வருமானத்தைப் பகிரும் குழு) இணையப் பக்கத்தில் 24 மணி நேரச் சராசரியையும் ஏற்கப்பட்ட ஷேர்களையும் பாருங்கள். பணம் வருவது அந்தக் கணக்கில்தான்.

நாளை வேறு நாணயத்துக்கு மாறினால் இந்த எண்கள் செல்லாது. ரேவன்காயினின் காவ்பாவ் என்ற கணக்கு முறை கோரையும் கடுமையாக வேலை வாங்கும். 1,100 மெகாஹெர்ட்ஸில் பூட்டியபடியே ஓட்டினால் ஹேஷ்ரேட் பெரிதும் விழும். அதற்குத் தனி அமைப்பைச் சேமித்து வையுங்கள்.

மின்கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். டியூன் செய்த பின் மூன்று கார்டுகளும் பிற பாகங்களும் சேர்ந்து 650 வாட். பவர் சப்ளையின் இழப்பைக் கூட்டினால் சுவரிலிருந்து ஏறக்குறைய 720 வாட். நாளுக்கு 17 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதப் பட்டியலில் ஆயிரம் யூனிட்டைத் தாண்டும். டியூன் செய்யாமல் ஓட்டினால் அதுவே 1,500ஐ நெருங்கும். வீட்டு இணைப்பில் இந்த யூனிட்டுகள் அனைத்தும் உங்கள் குடும்பத்தின் இயல்பான பயன்பாட்டுக்கு மேலே, விலை கூடிய அடுக்குகளில்தான் விழும். 2022 செப்டம்பர் 15 அன்று (கிளாசிக் அல்லாத) முதன்மை எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்ட பிறகு, அதுவரை அங்கே இருந்த கார்டுகள் எல்லாம் சிறிய நாணயங்களை நோக்கித் திரும்பின, ஒவ்வொருவரின் பங்கும் கரைந்துவிட்டது. 2022 ஏப்ரல் முதல் மெய்நிகர் சொத்து வருமானத்துக்கு 30 விழுக்காடு வரியும் வந்துவிட்டது. மின்கட்டணம் போக மிஞ்சவில்லை என்றால், கோடை மூன்று மாதங்களாவது நிறுத்தி வைப்பதே என் பரிந்துரை. அறையைக் குளிர்விக்க ஏசி போடுவது, எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

நீங்கள் கேட்காத ஒன்று: ரைசர்களுக்கு (கார்டை மதர்போர்டோடு இணைக்கும் நீட்டிப்புகள்) மின்சாரம் எந்த ஒயரில் போகிறது என்று பாருங்கள். ஹார்டு டிஸ்க்குகளுக்கான சாட்டா மின் இணைப்பியின் 12 வோல்ட் தாங்குதிறன் 54 வாட்தான். கார்டு தன் ஸ்லாட் வழியாக 66 வாட் வரை இழுக்க உரிமையுள்ளது. இணைப்பி பழுப்பேறியிருந்தாலோ பிளாஸ்டிக் தீய்ந்த வாடை வந்தாலோ அன்றே நிறுத்திவிட்டு, ஆறு பின் ஒயர் ஏற்கும் ரைசருக்கு மாறுங்கள். மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது.

3070இன் ஃபேன் கரகரப்பது பேரிங் தேய்ந்ததால். எண்ணெய் விட்டால் சில வாரங்களுக்கு அமைதியாகும், பிறகு பழைய சத்தமே திரும்பும். கார்டை நிறுத்தி, அந்த ஃபேனைக் கழற்றி, அதன் மையத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் வில்லையில் உள்ள மாடல் எண்ணைக் குறித்து, அதே எண்ணும் அதே அளவு இணைப்பியும் கொண்டதை வாங்கிப் பொருத்துங்கள். கழற்றிய கையோடு ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் படிந்த தூசியை ஊதுகருவியால் ஊதிவிடலாம். ஊதும்போது மற்ற ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுழன்றால் அதன் பேரிங்கும் போய்விடும்.