பொங்கல் விடுமுறையில் மும்பை: இரண்டு நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: கோவையிலிருந்து நால்வர் கிளம்புகிறோம். நான், கணவர், 11 வயது மகள், முழங்கால் வலி உள்ள 66 வயது மாமியார். பொங்கலை ஒட்டிய வார இறுதியில் வெள்ளி இரவு 9.40-க்கு மும்பையில் இறங்கி, ஞாயிறு இரவு 9 மணி விமானத்தில் திரும்பலாம் என்று நினைக்கிறோம். இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. விமான நிலையம் பக்கம் அந்தேரியில் அறை வாடகை குறைவு என்கிறார்கள். எலிபெண்டா குகைக்கு மாமியாரால் வர முடியுமா? ஒரே நாளில் எல்லாம் காட்டும் 'மும்பை தர்ஷன்' பேருந்து நல்லதா?

பதில்: டிக்கெட் எடுக்காதது நல்லதாய்ப் போயிற்று. முதலில் தேதியை மாற்றுங்கள். மும்பை மாரத்தான் ஆண்டுதோறும் ஜனவரி மூன்றாம் ஞாயிறு நடக்கிறது. மூன்றாம் ஞாயிறு என்றால் 15-லிருந்து 21-க்குள் வரும் நாள். அதாவது பொங்கல் முடிந்த கையோடு வரும் ஞாயிறு, கிட்டத்தட்ட எல்லா ஆண்டும். ஓட்டம் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில் தொடங்கி, மெரைன் டிரைவ், பெட்டர் ரோடு, கடல் பாலம் என்று நீங்கள் பார்க்க விரும்பும் அதே சாலைகளில்தான் போகிறது. விடியுமுன்பே அடைக்கும் சாலைகள் மதியம் வரை முழுதாகத் திறக்காது. தென் மும்பை ஓட்டல் வாடகையும் அந்த இரண்டு இரவும் ஏறிவிடும். இரண்டு வாரம் தள்ளி, ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் வாரத்திலோ போங்கள். வெயிலும் ஏறியிருக்காது. பள்ளி விடுமுறை அதே வாரம்தான் என்றால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

அடுத்து அறை. மும்பை தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் ஊர். அகலம் கொஞ்சம்தான். பார்க்க வேண்டியவற்றில் முக்கால்வாசி தெற்கு நுனியில், கொலாபாவுக்கும் மலபார் ஹில்லுக்கும் நடுவே ஏழெட்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். விமான நிலையமோ அங்கிருந்து 25 கிலோமீட்டர் வடக்கே. அந்தேரியில் தங்கினால் போக ஒரு மணி, வர ஒன்றரை மணி என்று இரண்டு நாளிலும் பயணமே நேரத்தைத் தின்றுவிடும்.

மெட்ரோ மூன்றாம் தடம் 2025 அக்டோபரில் தெற்கே கஃப் பரேடு வரை முழுதாகத் திறந்தபின் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறியிருப்பது உண்மைதான். டி1, டி2 இரண்டு முனையங்களுக்கும் நிலையம் உண்டு. அங்கிருந்து சர்ச்கேட், சி.எஸ்.எம்.டி. பக்கம் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். முழுத் தடத்துக்கே 70 ரூபாய்தான். தனி ஆள் என்றால் அந்தேரியில் தங்கச் சொல்லியிருப்போம். உங்களுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் மாமியாரின் முழங்கால். அவர்கள் மதியம் இரண்டு மணி நேரம் காலை நீட்டிப் படுக்க அறை பக்கத்தில் இருக்க வேண்டும். காலையும் மாலையும் சுற்றி, நடுப்பகலில் ஓய்வெடுத்தால்தான் இரண்டாம் நாளும் அவர்களால் நடக்க முடியும்.

எனவே கொலாபா, ஃபோர்ட், சர்ச்கேட் மூன்றில் ஒன்று. வாடகை கூட இருக்கும், அறை சிறிதாக இருக்கும். இங்குள்ள நடுத்தர ஓட்டல்கள் பல பழைய கட்டடங்களின் மூன்றாம், நான்காம் மாடியில் இயங்குகின்றன. வலைத்தளப் படத்தில் அறை பளிச்சென்று தெரியும், ஏறும் மரப்படி தெரியாது. பணம் கட்டுமுன் போனில் கேளுங்கள்: லிஃப்ட் தரைத்தளத்திலிருந்தே உண்டா, அல்லது சில படி ஏறித்தான் பிடிக்க வேண்டுமா? குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, வெஸ்டர்ன் கழிப்பறையா? ஜன்னல் உண்டா? வெள்ளி இரவு 11 மணிக்கு மேல் வந்தால் அறையை வேறு யாருக்கும் கொடுத்துவிட மாட்டார்களே? கடைசிக் கேள்விக்கான பதிலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மூவருக்கும் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

வெள்ளி இரவு மெட்ரோவை நம்ப வேண்டாம். கடைசி ரயில் பத்தரை மணி வாக்கில் போய்விடும். 9.40-க்கு இறங்கி, பெட்டி வந்து, நடந்து போய்ப் பிடிப்பது இழுபறி. முனையத்துக்குள் இருக்கும் ப்ரீபெய்டு கவுன்ட்டரிலோ செயலியிலோ டாக்சி எடுங்கள். அந்த நேரத்துச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் கொலாபா வந்துவிடும்.

ஊருக்குள் சுற்ற ஆட்டோ தேடாதீர்கள். மேற்கே பாந்த்ரா, கிழக்கே சயான் தாண்டித் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதியே இல்லை. கறுப்பு மஞ்சள் 'காலி பீலி' டாக்சிதான். 2025 பிப்ரவரியில் திருத்திய கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 31 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 21. நள்ளிரவு முதல் காலை 5 வரை கால் பங்கு கூடுதல். மீட்டர் போட்டால் கொலாபாவிலிருந்து மெரைன் டிரைவுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. கேட்வே ஆஃப் இந்தியா வாசலில் நிற்கும் டாக்சிகள் மீட்டர் போடாமல் மொத்தமாக ஒரு தொகை சொல்வார்கள். ஐம்பதடி தள்ளிப்போய், ஓடும் வண்டியை நிறுத்தி ஏறுங்கள்.

சனிக்கிழமை எலிபெண்டா தீவுக்கு. ஞாயிற்றுக்கிழமை அங்கே நிற்க இடமிருக்காது, திங்கள் குகை விடுமுறை. படகு காலை 9 மணி வாக்கில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து கிளம்பும், ஒரு மணி நேரப் பயணம். பாதுகாப்புச் சோதனை வரிசை இருப்பதால் எட்டரைக்கே அங்கே இருங்கள். டிக்கெட்டைக் கவுன்ட்டரில் மட்டும் வாங்குங்கள். திரும்பி வரவும் அதே டிக்கெட்தான், தொலைத்துவிடாதீர்கள். மேல்தளத்தில் உட்காரப் படகிலேயே தனியாகச் சிறு தொகை கேட்பார்கள், அது வழக்கம்தான். நால்வரும் லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமியாரால் முடியுமா? குகை வரை ஏறக்குறைய 120 படிகள். இறங்குதுறையிலிருந்து படி தொடங்கும் இடம் வரை பொம்மை ரயில் உண்டு. படிக்கு டோலி கிடைக்கும். நாற்காலியில் உட்காரவைத்து நால்வர் தூக்கிப் போவார்கள். ஏறும் முன் ஏற்ற இறக்கம் இரண்டுக்கும் சேர்த்துத் தொகையைப் பேசி முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் மேலே போனபின் இறக்கக் கூலி தனி என்பார்கள். உண்மையில் சிரமம் படியில் இல்லை, படகில் ஏறி இறங்குவதில்தான். துறைப்படி ஈரமாக இருக்கும், படகு ஆடும், கூட்ட நேரத்தில் ஒரு படகின் வழியாக அடுத்த படகுக்குத் தாண்டச் சொல்வதும் உண்டு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நின்று கைகொடுத்தால் மெதுவாக ஏறிவிடலாம். அதற்கும் பயம் என்றால் அவர்களை வற்புறுத்த வேண்டாம். கணவரோ நீங்களோ ஒருவர் துணையிருந்து, இருவர் மட்டும் போய்வரலாம்.

போனால் அவசரப்பட்டுத் திரும்பாதீர்கள். ஆறாம் நூற்றாண்டு வாக்கில் குடைந்த சிவன் குகை இது. தெற்குச் சுவரில் மூன்று முகத்துடன் நிற்கும் சதாசிவம் ஏறக்குறைய இருபதடி உயரம். வெளி வெயிலிலிருந்து நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் தூண் ஓரமாக நின்றால் கண் பழகும். பிறகு அர்த்தநாரி, கங்காதரர், திருக்கல்யாணம், கயிலையைத் தூக்கும் ராவணன் என்று மகளுக்கு ஒவ்வொன்றாகக் கதை சொல்லிக் காட்டலாம். நம்மூர்க் கோயில் பார்த்த கண்ணுக்கு வழிகாட்டியே தேவையில்லை. நுழைவுக் கட்டணம் 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழ் இலவசம். கையில் தின்பண்டப் பை வேண்டாம், குரங்குகள் பிடுங்கும்.

ஒன்றரை, இரண்டு மணிக்குள் கரைக்குத் திரும்பிவிடலாம். சாப்பாடு, மாமியாருக்கு ஓய்வு. தெம்பிருந்தால் நீங்கள் மூவரும் சத்ரபதி சிவாஜி மகராஜ் அருங்காட்சியகத்தை எட்டிப் பாருங்கள். கேட்வேயிலிருந்து நடக்கும் தூரம்தான், மாலை 6 வரை திறந்திருக்கும். முழுதாகப் பார்க்க அரை நாள் வேண்டும். இருக்கும் ஒன்றரை மணியில் சிற்பக்கூடம், சிற்றோவியங்கள் இரண்டும் போதும்.

அந்தப் பருவத்தில் சூரியன் மறைவது மாலை ஆறரை சுமாருக்கு. ஆறு மணிக்கே மெரைன் டிரைவ் சுவரில் இடம் பிடியுங்கள், மேற்கு பார்த்த சுவர் அது. விளக்கு ஏறும் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, கிர்காவ் சௌபாட்டிக்கு டாக்சியில் போய் பாவ் பாஜியும் குல்ஃபியும் சாப்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை உள்ளூர் ரயிலுக்கு. மும்பைக்குப் போய் லோக்கலில் ஏறாமல் வந்தால் மகள் மன்னிக்க மாட்டாள். ஆனால் நேரம் முக்கியம். ஞாயிறு பகலில் தண்டவாளப் பராமரிப்புக்காக 'மெகா பிளாக்' போடுவார்கள். மத்திய ரயில்வேயில் வழக்கமாக 11-லிருந்து 4 வரை, மேற்கு ரயில்வேயில் 10-லிருந்து 3 வரை என்று ஏதாவது ஒரு பகுதியில் வண்டிகள் ரத்தாகும், தடம் மாறும், ஓடுகிற வண்டியில் கூட்டம் பிதுங்கும். எந்தப் பகுதி என்பதை வெள்ளி, சனியில் அறிவிப்பார்கள். எட்டு மணிக்கு ஏறி ஒன்பதரைக்குள் திரும்பிவிட்டால் உங்களுக்கு அந்தக் கவலையே இல்லை. அதைவிட முன்னால் போயும் பயனில்லை. மும்பையில் அந்த மாதம் விடிவதே ஏழே காலுக்குத்தான்.

சர்ச்கேட்டில் மகாலக்ஷ்மிக்கு டிக்கெட் எடுங்கள். சாதாரண வகுப்பு 5 ரூபாய், முதல் வகுப்பு 25. 'ஸ்லோ' வண்டியில் ஏறுங்கள், 'ஃபாஸ்ட்' அங்கே நிற்காது. நடைமேடைப் பலகையில் எஸ் அல்லது எஃப் என்று போட்டிருக்கும். ஐந்தாவது நிறுத்தம் மகாலக்ஷ்மி. நிறுத்தத்தில் அரை நிமிடம் நின்றால் அதிகம். முந்தின நிலையமான மும்பை சென்ட்ரல் தாண்டியதும் எழுந்து, எந்தப் பக்கம் நடைமேடை வரும் என்று கேட்டு வாசலருகே நில்லுங்கள். நிலையத்துக்கு வெளியே உள்ள பாலத்திலிருந்து பார்த்தால் கீழே தோபி காட் என்ற திறந்தவெளிச் சலவைத்துறை, வரிசை வரிசையாகக் கல்தொட்டிகளும் கொடிகளும். மாமியாருக்கு நிலையத்தின் மேம்பாலப் படிதான் தடை. அவர்கள் அறையில் காபி குடித்துக்கொண்டிருக்கட்டும்.

திரும்பியதும் எல்லோருமாக ஓவல் மைதானம். இந்த ஊரில் நடந்து பார்க்க ஏற்ற நேரம் ஞாயிறு காலைதான். ஃபோர்ட் அலுவலகப் பகுதி காலியாக இருக்கும், கட்டடங்களை நின்று பார்க்கலாம். மைதானத்தின் கிழக்கே 1878-ல் முடிந்த ராஜாபாய் மணிக்கூண்டும் உயர் நீதிமன்றமும், மேற்கே 1930-களின் ஆர்ட் டெகோ அடுக்குவீடுகள். இரண்டும் சேர்ந்துதான் 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. நடுவே கிரிக்கெட். அங்கிருந்து டாக்சியில் சி.எஸ்.எம்.டி. அதே காலித்தனத்துக்கு மறுபக்கமும் உண்டு: ஃபோர்ட்டின் கடைகளும் பழைய ஈரானி ஓட்டல்களும் பல அன்று அடைப்பு. அவற்றைச் சனியன்றே முடித்துக்கொள்ளுங்கள்.

12 மணிக்கு அறையைக் காலி செய்து, 8 மணி நேரம் 80 கிலோமீட்டர் கணக்கில் வாடகைக் காரில் பெட்டியோடு ஏறிவிடுங்கள். பெட்டியை ஓட்டலில் வைத்துவிட்டுப் போனால் அதற்காக மறுபடி தெற்கே வர வேண்டியிருக்கும். கார் தெற்கிலிருந்து வடக்கே மட்டும் நகரட்டும்: காம்தேவியில் காந்தி 1917 முதல் 1934 வரை தங்கிய மணி பவன் (மாடிக்கு லிஃப்ட் இல்லை, மாமியார் கீழே நூலகத்தில் உட்காரலாம்), மலபார் ஹில் தொங்கும் தோட்டம், மகாலக்ஷ்மி கோயில், ஹாஜி அலி தர்கா.

ஹாஜி அலிக்குக் கடலுக்குள் போகும் பாதை ஓதம் ஏறினால் மூழ்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மும்பையில் ஓதம் உச்சத்துக்கு வருவது நண்பகல் வாக்கில். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நீங்கள் போகும் நாளின் ஓத அட்டவணையைப் பார்த்து, உச்ச நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் தவிர்த்துவிடுங்கள்.

ஐந்து மணிக்கு வர்லியிலிருந்து கடல் பாலம் வழியாகப் பாந்த்ரா. டிரைவர் சுங்கம் மிச்சம் பிடிக்க மாகிம் வழி போகப் பார்ப்பார், 'ஸீ லிங்க்' என்று முதலிலேயே சொல்லி, சுங்கத்தைக் கொடுத்துவிடுங்கள். வடக்கே போகும்போது இடது ஜன்னலில் திறந்த கடல். பாலத்தில் வண்டி நிறுத்த முடியாது.

மும்பை தர்ஷன் பேருந்து பற்றி: பன்னிரண்டு, பதினைந்து இடம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றிலும் கால் மணி, இருபது நிமிடம். ஜுஹூவில் நடிகர் வீட்டு கேட்டையும் ஓர் இடமாக எண்ணிக்கொள்வார்கள். முழங்கால் வலியோடு இருப்பவருக்குப் பத்துப் பன்னிரண்டு முறை பேருந்துப் படி ஏறி இறங்குவது எலிபெண்டாவைவிடக் கஷ்டம். வேண்டாம். ஜுஹூ, ஃபிலிம் சிட்டி, கன்ஹேரி குகை எல்லாம் இந்தமுறை கிடையாது. மாட்டுங்காவில் தமிழர்கள் குடியேறி வளர்த்த கோயில்களும் ஓட்டல்களும் உண்டு, ஞாயிறு காலை இட்லிக்கு ஒரு மணி நேர வரிசை நிற்கும். கோவையிலிருந்து போய் அதற்குக் காத்திருப்பதா என்பது உங்கள் விருப்பம்.

பொங்கல் வாரத்தை விட்டால் லீவே இல்லை என்றால்: சனிக்கிழமைத் திட்டத்தில் மாற்றமில்லை. ஞாயிறு காலை லோக்கல் பிடிக்கவும் ஓவல் மைதானத்துக்கும் நடந்தே போங்கள், தடுப்பு ஓரம் நின்று ஓட்டத்தையும் பார்க்கலாம். ஓட்டலிடம் சொல்லி அறையை 2 மணி வரை நீட்டித்து, அதன் பிறகே காரை வரச்சொல்லுங்கள். மணி பவனையோ மலபார் ஹில்லையோ ஒன்றை விட வேண்டியிருக்கும்.

எப்படியானாலும் 6.30-க்குப் பாந்த்ராவை விட்டுக் கிளம்பிவிடுங்கள். டி1, டி2 வாசல்கள் சாலை வழியாகச் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. சில விமான நிறுவனங்கள் இரண்டிலிருந்தும் பறக்கின்றன. போர்டிங் பாஸில் முனைய எண்ணைப் பார்த்து டிரைவரிடம் காரில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.