தூக்கத்தில் திடுக்கிடுகிறானா? எண்ணிப் பாருங்கள்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "பையனுக்கு இரண்டரை வயது. முந்தாநாள் காய்ச்சல் வந்தது. இன்று வாயிலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம். டாக்டர் கை, கால், வாய் நோய் என்கிறார், ஒரு வாரத்தில் போய்விடுமாம். மாமியார் அம்மை என்று வேப்பிலை செருகிவிட்டார். வாட்ஸப்பில் மூளைக்கும் இதயத்துக்கும் ஏறிவிடும் என்று வருகிறது. எதை நம்புவது?"

டாக்டரை நம்புங்கள். 2022-ல் கேரளத்தின் கொல்லத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பரபரப்பாகப் பேசப்பட்டதும் இந்த வகைதான். நம் பக்கம் பெரும்பாலும் காக்ஸாக்கி வைரஸ்கள். ஏழெட்டு நாளில் அடங்கிவிடும்.

ஆனால் வாட்ஸப் செய்தியும் முழுப் பொய் இல்லை. இதே நோயை உண்டாக்கும் என்டரோவைரஸ் 71 என்று ஒன்று உண்டு. 1998-ல் தைவானில் பரவியபோது சுமார் 1,29,000 பேருக்கு நோய் வந்தது. 405 பேருக்குத் தீவிரமாகி, 78 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். விகிதத்தைப் பார்த்தால் அரிதுதான். ஆனால் கொப்புளத்தைப் பார்த்து எந்த வைரஸ் என்று எனக்கும் சொல்லத் தெரியாது.

இந்த வைரஸில் மூளைக் கோளாறும் இதயக் கோளாறும் பெரும்பாலும் தனித்தனி இல்லை. முதலில் அடிபடுவது மூளைத் தண்டு. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாவற்றுக்கும் அதுதான் மதகு. மதகு பழுதாகி மொத்தத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் பாய்ந்தால் கரை என்னாகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அட்ரினலின் போன்ற சுரப்புகள் அப்படித்தான் கொட்டுகின்றன. இதயம் தறிகெட்டு அடித்துத் தளர்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது. இந்தக் கட்டத்துக்குப் போக சில மணி நேரமே ஆகலாம். அதற்கு முன்பே மூளை ஒரு சைகை காட்டும். அதைப் பார்ப்பது பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாதான்.

கண் அசந்த குழந்தை, கீழே விழப்போவது போல இரண்டு கையையும் உதறித் திடுக்கிடும், மறுபடி அசரும், மறுபடி உதறும். தூங்கத் தொடங்கும்போது ஒரு தடவை வந்தால் அது எல்லாக் குழந்தைக்கும் உள்ளது. அரை மணி நேரத்தில் இரண்டு தடவையோ அதற்கு மேலோ வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அரை நிமிட வீடியோவைக் காட்டினால் பத்து நிமிட விளக்கம் மிச்சம். நடக்கும்போது தள்ளாட்டம், கை நடுக்கம், ஓயாத வாந்தி, எழுப்பினாலும் சொக்குவது, உடம்பு கொதிக்கக் கை கால் சில்லிட்டு வியர்ப்பது, மூச்சு வாங்குவது, பாராசிட்டமாலுக்கும் இறங்காத 102 டிகிரிக் காய்ச்சல் எல்லாம் இதே கணக்குத்தான். 108-ஐக் கூப்பிட்டு, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்தாறு நாள்தான் இந்தக் காவல்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். வலங்கைமான் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளட்டும், வேப்பிலையும் இருக்கட்டும். ஆத்தா இறங்கும் வரை ஆஸ்பத்திரி கூடாது என்பதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

இதற்கென்று வைரஸ் மருந்து இல்லை. சின்னம்மைக்குத் தரும் அசைக்ளோவிர் இதில் வேலை செய்யாது. மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு ஊசி போடுவதும், ஆஸ்பிரின் கொடுப்பதும் கூடவே கூடாது. வாய் எரியும், ரசமும் ஊறுகாயும் வேண்டாம். ஆறிய கஞ்சி, மோர், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கொசுவால் இது பரவாது. எச்சில், சளி, கொப்புள நீர், மலம் வழியாகப் பரவும். மலத்தில் வைரஸ் பல வாரம் இருக்கும். அதனால் கால் கழுவிவிட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; சானிடைசரை இந்த வைரஸ் பெரிதாக மதிப்பதில்லை. அழுக்குத் துணியை ஓடுகிற வாய்க்காலில் அலசாதீர்கள், கீழே இன்னொரு படித்துறை இருக்கிறது. காய்ச்சல் விட்டு, கொப்புளம் காய்ந்த பிறகு அங்கன்வாடிக்கு அனுப்பலாம்.

இன்னொன்று, ஒன்றிரண்டு மாதம் கழித்து விரல் நகம் உரிந்து விழலாம். பதறாதீர்கள், புது நகம் முளைத்துவிடும்.