யோசுவா சூரியனை நிறுத்தியதை நாசா கண்டுபிடித்தது உண்மையா? பைபிளை நம்புகிறவர் அறிவியலையும் ஏற்க முடியுமா?

முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: பொய். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். பள்ளியில் இயற்பியல் பாடம் எடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போகிறேன். அதனால் இந்த நாசா கதையை எல்லா வடிவத்திலும் பார்த்தாயிற்று: கன்வென்ஷன் பந்தலில், கைப்பிரதியில், இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில்.

கேட்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் கிரீன்பெல்ட். சூரியனும் சந்திரனும் கோள்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன் எங்கெங்கே இருந்தன என்று நாசா விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். திடீரென்று மெஷின் நின்றுவிடுகிறது. காலக் கணக்கில் ஒரு நாள் குறைகிறதாம். எல்லாரும் தலையைச் சொறிய, ஒருவருக்கு ஞாயிறு பள்ளி ஞாபகம் வருகிறது. பைபிளில் யோசுவா பத்தாம் அதிகாரம்: எமோரியரோடு நடந்த போரில் இஸ்ரவேலரின் தலைவர் யோசுவா நில் என்று சொல்ல, சூரியன் ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க நின்றது. அதைத் திறந்தால் அங்கே 23 மணி 20 நிமிடம் கிடைக்கிறது. மீதி 40 நிமிடம்? 2 இராஜாக்கள் 20: எசேக்கியா ராஜாவுக்கு அடையாளமாக நிழல் பத்துப் பாகை பின்னுக்குப் போனது. பத்துப் பாகை என்றால் 40 நிமிடம். கணக்கு டாலி!

நல்ல பிரசங்கியார் சொன்னால் உடம்பு சிலிர்க்கும், மறுக்கவில்லை. ஆனால் இதைப் பரப்பியவர் ஹெரால்ட் ஹில். பால்டிமோரில் இன்ஜின் கம்பெனி நடத்தியவர், 1960களின் கடைசியில் கூட்டங்களில் இதைச் சொல்லிவந்தார். பத்திரிகைகளில் வந்து பரவிய பிறகு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நாசாவே மறுத்துவிட்டது. அதைவிட வேடிக்கை, இந்தக் காணாமல்போன நாளை 1890லேயே சார்லஸ் டாட்டன் என்ற அமெரிக்கர் புத்தகமாக எழுதியிருக்கிறார். நாசா தொடங்கப்பட்டதே 1958ல்தான்.

ஆள் யார் என்பதை விடுங்கள், கணக்கே நிற்காது. இன்றைய நிலையிலிருந்து கோள்களைப் பின்னோக்கி ஓட்டினால், எந்தத் தேதிக்கும் கம்ப்யூட்டர் ஒரு விடை தரும், அவ்வளவுதான். ஒரு நாள் குறைகிறது என்று தெரிய வேண்டுமானால், யோசுவாவுக்கு முந்தைய காலத்தில் யாராவது வானத்தைப் பார்த்து, தேதியோடு எழுதிவைத்த குறிப்பு வேண்டும். ஒப்பிட எதுவும் இல்லாமல் எதிலிருந்து குறையும்?

அப்படி ஒப்பிட்டுப் பார்த்த உண்மைச் சம்பவம் ஒன்று உண்டு. கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழு சூரிய கிரகணம். களிமண் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். பூமி எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றியது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்தக் கிரகணம் பாபிலோனில் முழுக் கிரகணமாகத் தெரிந்திருக்கவே கூடாது. மேற்கே வெகுதூரம் தள்ளி, மத்தியதரைக் கடலில் மஜோர்க்கா தீவுப் பக்கம் விழுந்திருக்க வேண்டும். வித்தியாசம் மூன்று மணி நேரத்துக்கு மேல். முக்கியக் காரணம், சந்திரன் எழுப்பும் அலைகள் பூமிக்கு மெதுவாக பிரேக் போடுகின்றன. ஒரு நாளின் நீளம் நூற்றாண்டுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மில்லி விநாடி கூடுகிறது. அந்தச் சின்ன வித்தியாசம் ஒவ்வொரு நாளும் சேர்ந்துகொண்டே போனால், இரண்டாயிரம் வருஷத்தில் மூன்று மணி நேரம். காணாமல்போன நேரத்தை அறிவியல் கண்டுபிடிப்பது இப்படித்தான். எந்தக் கன்வென்ஷனிலும் இதை நான் கேட்டதில்லை.

சரி, இரண்டாவது கேள்வி. யோசுவா 10ஐயே பிடித்துக்கொண்டு போவோம். கிறிஸ்தவத்துக்கும் அறிவியலுக்கும் நடந்த பெரிய சண்டைகளில் இந்த அதிகாரம் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

1613 டிசம்பர், பைசா நகரம். டஸ்கனி அரச குடும்பத்து விருந்தில் மூத்த கோமாட்டி கிறிஸ்டினா, கலிலியோவின் மாணவரும் துறவியுமான காஸ்டெல்லியிடம் கேட்டார்: பூமிதான் சுற்றுகிறது என்றால், யோசுவா எதற்கு சூரியனைப் பார்த்து நில் என்றார்? இதைக் கேள்விப்பட்ட கலிலியோ காஸ்டெல்லிக்கு நீண்ட கடிதம் எழுதினார். வேதம் பாமரர்களுக்குப் புரியும் மொழியில் பேசுகிறது, இயற்கையை அறிய அதை அளவுகோலாக வைக்காதீர்கள் என்பது அதன் சாரம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பழைய வானியல்படி சூரியனின் சொந்த ஓட்டம் மேற்கிலிருந்து கிழக்கே. அதை நிறுத்தினால் நாள் நீளாது, குறையும். என் வானியல்படி, தன்னைத் தானே சுற்றும் சூரியன்தான் கோள்களையும் ஓட்டுகிறது, ஆகவே சூரியனை நிறுத்தினால் எல்லாம் நிற்கும், யோசுவா சொன்னது அப்படியே பொருந்தும் என்று ஒரு வாதத்தையும் சேர்த்துவிட்டார்! வேதத்தை அறிவியலுக்குச் சாட்சி கூப்பிடாதீர்கள் என்ற கலிலியோவுக்கே, கூப்பிட்டுப் பார்க்கும் ஆசை விடவில்லை.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் நூலுக்கு 1616ல் தடை, 1633ல் கலிலியோ மேல் விசாரணை, 1642ல் சாகும்வரை வீட்டுக்காவல். (மேடைகளில் கலிலியோவை எரித்துக் கொன்றார்கள் என்று முழங்குவார்கள். எரிக்கப்பட்டவர் புருனோ, 1600ல். அந்த வழக்கில் வானியலைவிட மதக் கொள்கைக் குற்றச்சாட்டுகளே அதிகம்.) சபை செய்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1992ல் போப் இரண்டாம் ஜான் பால் அதை ஒப்புக்கொண்டும் விட்டார்.

1925 ஜூலை, அமெரிக்காவின் டென்னசி மாநிலம், டேட்டன் என்ற சின்ன ஊர். பரிணாமத்தைப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறியதாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு. மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் அரசுத் தரப்பில். கடவுள் விஷயத்தில் நம்பிக்கையில்லாத கிளாரன்ஸ் டாரோ எதிர்த்தரப்பில். ஜூலை 20 அன்று நீதிமன்றத்தையே வெளியே புல்வெளிக்கு மாற்றியிருந்தார்கள். டாரோ, பைபிள் நிபுணர் என்று பிரையனையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார். மீன் வயிற்றில் இருந்த யோனாவைப் பற்றிக் கேட்டார், அடுத்து யோசுவா. பூமி நின்றால் என்ன ஆகும் என்று யோசித்ததுண்டா? இல்லை, நான் நம்புகிற கடவுள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றார் பிரையன். பூமி உருகிய குழம்பாகிவிடுமே என்றார் டாரோ. நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறும்போது அதைச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

டாரோவை நான் ரசிப்பேன், ஆனால் அந்தக் கேள்வியில் பிரையன் தோற்கவில்லை என்பது என் கட்சி. யோசுவா சூரியனை நிற்கச் சொன்ன கிபியோன் இருக்கும் இடத்தில் நிலம் மணிக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. சட்டென்று நின்றால் மேலே உள்ளதெல்லாம் பறக்கும், உண்மைதான். ஆனால் பூமியை நிறுத்தத் தெரிந்த கடவுளுக்குக் காற்றையும் கடலையும் சேர்த்து நிறுத்தத் தெரியாதா? அற்புதத்தை ஒப்புக்கொண்டவரிடம் இயற்பியல் பேசி ஜெயிக்க முடியாது. பிரையன் தடுமாறியது வேறு இடத்தில். படைப்பின் ஆறு நாட்களும் 24 மணி நேர நாட்கள் என்று தான் நினைக்கவில்லை, கோடிக்கணக்கான வருஷமாகவும் இருக்கலாம் என்றார். ஒரு இடத்தில் எழுத்துப்படி, இன்னொரு இடத்தில் விளக்கத்தின்படி என்றால், எது எப்படி என்று யார் முடிவு செய்வது? அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நம்மில் பலரிடமும் இல்லை. (மறுநாளே நீதிபதி அந்தச் சாட்சியத்தைப் பதிவிலிருந்து நீக்கிவிட்டார். ஜூரிகள் அதைக் கேட்கவே இல்லை.)

ஆதியாகமத்தில் சூரியன் வருவது நாலாம் நாள். அதற்கு முன்னாலேயே சாயங்காலமும் விடியற்காலமும் மூன்று முறை வந்துவிடுகின்றன. ஏதோ நாத்திகர்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஓட்டை இல்லை இது. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற சபைப் பெரியவர், சூரியன் இல்லாத நாளை எந்த புத்தியுள்ளவன் எழுத்துப்படி எடுப்பான் என்று கேட்டுவிட்டார். யோசுவா 10லும் அப்படித்தான். 13ஆம் வசனம் தானாகவே சொல்கிறது, இது யாசேரின் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறதல்லவா என்று. சவுல் ராஜாவும் அவர் மகன் யோனத்தானும் செத்தபோது தாவீது பாடிய புலம்பலும் அதே யாசேரின் புஸ்தகத்தில்தான் இருந்தது. அதாவது வெற்றிப் பாட்டு, இரங்கற்பா போன்றவை இருந்த தொகுப்பு. போர்ப்பாட்டில் சூரியன் நிற்கும். பரணி வாசித்த தமிழனுக்கு இதைப் போய் விளக்க வேண்டுமா? 2017ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஒருவரும் அவருடைய கூட்டாளியும், இது கி.மு. 1207 அக்டோபர் 30 அன்று நடந்த கங்கண கிரகணம்தான் என்று கட்டுரை எழுதினார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை, ஆனால் சூரியன் ஏறக்குறைய ஒரு பகல் முழுக்க அஸ்தமிக்கவில்லை என்கிற வசனத்துக்கு அது ஒட்டவில்லை.

இந்த விஷயத்தில் நான் மதிக்கும் ஆள் ஜார்ஜ் லெமெய்த்ர். பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு, பிரபஞ்சம் விரிகிறது என்று 1927லேயே எழுதிய இயற்பியலாளர். 1951ல் போப் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு என்ற இந்தக் கண்டுபிடிப்பு படைப்புக்குச் சாட்சி என்ற தொனியில் பேசியபோது, சந்தோஷப்பட வேண்டிய லெமெய்த்ருக்குப் பிடிக்கவில்லை. அப்படிப் பேச வேண்டாம் என்று வத்திக்கான் பக்கம் சொல்லவும் செய்தார். இன்றைக்கு நிற்கும் கோட்பாட்டில் விசுவாசத்தைக் கட்டிவைத்தால், நாளைக்கு அது மாறும்போது எதை வைத்து நிற்பீர்கள்?

ஆகவே, முடியும். நம்பிக்கொண்டே அறிவியலை முழுசாக ஏற்கலாம், நிறையப் பேர் ஏற்கிறார்கள். ஆனால் உங்கள் நாத்திக நண்பரை இதோடு வாயடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

என் அம்மாவின் தம்பி ஒருவர் கருஞ்சட்டைக்காரர். தமிழில் இந்த மரபு பெரியாருக்கும் முந்தையது. 1880களிலேயே சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற நாத்திகப் பத்திரிகை வந்து, இந்து மதத்தோடு பாதிரிமார்களையும் ஒரு கை பார்த்தது. மாமாவிடம் நான் பெருமையாக யாசேரின் புஸ்தகம், போர்ப்பாட்டு என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “சரி மருமவனே, நின்னுச்சா நிக்கலையாங்கிறது கெடக்கட்டும். எதுக்கு நிப்பாட்டினாரு?”

எதற்கு? ஓடுகிற எமோரியரைக் கொன்று முடிக்கப் பகல் போதவில்லை, அதற்கு. அதற்கு இரண்டு வசனம் முன்னால் வானத்திலிருந்து கல்மழை. பட்டயத்தால் செத்தவர்களைவிடக் கல்மழையால் செத்தவர்கள் அதிகம் என்கிறது வேதம். மக்கெதா குகையில் ஒளிந்த ஐந்து ராஜாக்களை வெளியே கொண்டுவந்து கொன்று, ஐந்து மரங்களில் தூக்கிப் போடுகிறார்கள். அதிகாரம் முடியும்போது அந்தத் தேசத்தில் ஒருவரையும் மீதியாக வைக்கவில்லை என்று வருகிறது. இத்தனை நூற்றாண்டுகளாக நாம் பூமியின் சுழற்சியைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

விசுவாசிகளிடம் பதில் இல்லாமல் இல்லை. இதெல்லாம் மனசுக்குள் இருக்கும் பாவத்தோடு நடக்கும் போர் என்று உருவகமாகப் பார்த்தார் ஓரிகன். பழங்காலப் போர்க் குறிப்புகளில் ஒருவனையும் விடவில்லை என்று எழுதுவது வழக்கம் என்பது இன்னொரு பதில். அதற்கு ஆதாரமும் இருக்கிறது: கி.மு. 1208 வாக்கில் எகிப்து மன்னன் மெர்னப்தா, இஸ்ரவேலின் வித்தே இல்லாமல் போயிற்று என்று கல்லில் வெட்டிவைத்தான். இஸ்ரவேல் இருந்துகொண்டுதான் இருந்தது. அகழ்வாராய்ச்சியாளர்களில் பெரும்பாலோரும், யோசுவா புஸ்தகம் சொல்கிறபடி ஒரே மூச்சில் கானான் பிடிக்கப்படவில்லை என்கிறார்கள்.

என்னைக் கேட்டால், அந்தப் படுகொலை எழுத்துப்படி நடந்ததாக நான் நினைக்கவில்லை. நடக்காத படுகொலையைக் கடவுள் பேரில் ஏற்றிப் பாடி, அதை வேதமாக வைத்துக்கொண்டதற்கு எனக்குத் திருப்தியான பதில் இன்னும் கிடைக்கவில்லை, கோயிலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். மாமா இதைக் கேட்டுவிட்டு, “பாதித் தூரம் வந்துட்டே” என்றார். எங்கள் சபையில் ஒரு பெரியவரும் கேட்டார். அவர் சொன்னதும் அதுதான், குரல்தான் வேறு.